தறி நின்ற பகல்

ஆயா பாப்பாத்தியின் கை நழுவி சாதக் குண்டாவின் மூடி சிமெண்டுத் தரையில் விழுந்தது. விழுந்ததோடு நிற்காமல் அது உருண்டு, சுழன்று, கவிழ்ந்து அடங்குவதற்குள் அங்கன்வாடிப் பாயில் தூங்கிக்கொண்டிருந்த பதினோரு குழந்தைகளும் தூக்கிவாரிப் போட்டு விழித்துவிட்டன. இரண்டு அழ ஆரம்பித்தன. ஒன்று எழுந்து உட்கார்ந்து எதற்கென்று தெரியாமல் சிரித்தது. பன்னிரண்டாவது பூமிகா. அவள் தூங்கவே இல்லை. ஜன்னலடியில் மூடிக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து தார்க்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தறியில் நூல் சுற்றுகிற குச்சிகள் அவை. தேய்ந்துபோனவற்றைப் பட்டறைக்காரர்கள் அங்கன்வாடிக்குப் பொம்மையாகக் கொடுத்துவிடுவார்கள். சிவப்புக்கு மேல் இன்னொரு சிவப்பை வைத்தாள். கட்டை ஆடவில்லை, கை ஆடவில்லை, தோள்கூட அசையவில்லை. அழுத்தக்காரி, எத்தனை அழுத்தம் பாரு இந்தப் புள்ளைக்கு என்று டீச்சர் சாரதாமணி மெச்சிக்கொள்ளப் போனாள். அந்த மெச்சல் பாதியிலேயே நின்றுபோனது. ஏன் நின்றது என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. அழுத குழந்தைகளைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொடுக்கிற கை தன் பாட்டுக்குத் தட்டியது, கண் ஜன்னலடியிலேயே இருந்தது. இன்றைக்கு ஊரில் கரண்ட் இல்லை. மாசம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே நிறுத்திவிட்டார்கள். தறி ஓடவில்லை. இந்தத் தெருவில் மட்டும் நூற்றுக்கு மேல் தறி. இரவும் பகலும் ஓடுகிற ஊர், வாயைத் திறந்தால் தன் பேச்சே தன் காதில் விழாத ஊர். மற்ற மாதங்களில் கரண்ட் இல்லாத நாளில் தாய்மார் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், சாரதாமணியும் சீக்கிரமே பூட்டிவிடுவாள். இந்தத் தடவை வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்ததால் மாசம் பூராவும் சேர்ந்த துணியெல்லாம் துவைக்கப் போய்விட்டார்கள், பிள்ளைகள் இங்கே வந்துவிட்டன. அதனால்தான் இன்றைக்கு ஒரு மூடி விழுந்த சத்தம் இத்தனை பெரிதாகக் கேட்டது. சுவர்க் கடிகாரம்கூடக் கேட்டது. ஏழு வருசமாக அங்கே தொங்குகிறது, அதற்கு ஒரு சத்தம் உண்டென்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

எழுந்து போய்ப் பூமிகாவுக்குப் பின்னால் நின்றாள். பூமிகா, என்றாள். தன் குரல் இத்தனை மெல்லிசா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருசம் கத்தியே பேசிப் பழகிவிட்டாள். பூமி, என்றாள் மறுபடியும், கொஞ்சம் உரக்க. மஞ்சளுக்கு மேல் மஞ்சள் ஏறியது. விளையாட்டில் மூழ்கின குழந்தை அப்படித்தான் இருக்கும், அவளுடைய மகள் சௌமியா டி.வி. பார்க்கும்போது வீடே இடிந்தாலும் திரும்ப மாட்டாள், இதெல்லாம் ஒரு விசயமா. கையைத் தட்டினாள். பூமிகா திரும்பிப் பார்த்தாள்! திரும்பிப் பார்த்து, முன்பல் நாலும் தெரிய ஒரு சிரிப்பு. சாரதாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாமி, என் வயித்துல பாலை வார்த்தே என்று குழந்தையை வாரி எடுக்கக் குனிந்தவள், குனிந்த வாக்கில் தரையைப் பார்த்தாள். வாசல் வெயிலில் அவளுடைய நிழல் தார்க்கட்டைகளுக்கு மேலே விழுந்து கிடந்தது. இரண்டு கையும் சேர்ந்திருந்தது நிழலில் தெரிந்தது. நிமிர்ந்தாள். இரண்டடி தள்ளி நிழல் விழாத இடத்துக்குப் போனாள். குழந்தை மறுபடி கட்டைகளுக்குத் திரும்பும்வரை காத்திருந்தாள். தட்டினாள். உள்ளங்கை எரியத் தட்டினாள். பாயில் படுத்திருந்த நாலு வயது வர்ஷினி மட்டும் தலையைத் தூக்கி, பெரிய மனுசி மாதிரி, “டீச்சர், அவளத் தொட்டுத்தான் கூப்புடோணும். தொட்டாத்தான் திரும்பிப் பாப்பா” என்றாள். சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். நாலு வயதுக்குத் தெரிந்திருக்கிறது. வர்ஷினிக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, சாரதாமணியைப் போலப் பயணப்படி கொடுத்து மாவட்டத் தலைநகருக்கு மூன்று நாள் அனுப்பிவைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினாள், தெரிந்துகொண்டாள்.

பீரோவைத் திறந்து பூமிகாவின் வளர்ச்சி அட்டையை எடுத்தாள். எடுக்காமல் இருந்திருக்கலாம். என்ன இருக்கும் என்று தெரிந்துதானே எடுத்தாள். பூமிகா, தாய் மேனகா, தந்தை பூபதி. இரண்டு வயது ஐந்து மாதம். மூன்றாம் மாதம் தலை நின்றதா, டிக். ஆறாம் மாதம் குப்புற விழுந்ததா, டிக். ஒன்பதாம் மாதம் சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா. டிக். அவளுடைய டிக்தான், சந்தேகமே இல்லை, வாலை மேலே இழுத்து விட்ட டிக், அவள் அப்படித்தான் போடுவாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற அன்றைக்கே காது பார்ப்பார்களாமே, பார்த்திருப்பார்களா, அன்றைக்கும் அங்கே இப்படி ஒருத்தி டிக் போட்டிருப்பாளா. மற்றவளை இழுக்காதே சாரதாமணி, இது உன் பேனா. அந்த நாள் நினைவிருக்கிறது. எடை போடுகிற நாள், இருபத்து மூன்று தாய்மார், தராசுக் கொக்கியில் பிள்ளைகள் கத்துகின்றன, வெளியே தறி டக்கடக்கடக்கென்று ஓடுகிறது. ஒரு கிலுகிலுப்பை கொடுத்திருந்தார்கள், சிவப்பு நிறம். அதை எந்தக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினாலும் தறிச் சத்தத்தில் அவளுக்கே கேட்காது. அதனால் முகத்துக்கு நேராகப் பிடித்து ஆட்டினாள். குழந்தை கிலுகிலுப்பையோடு கண்ணை ஓட்டியது, பாய்ந்து பிடுங்கியது, எல்லோரும் சிரித்தார்கள். டிக். அன்றைக்கு இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் அதே சிவப்பு, அதே டிக். பயிற்சியில் வகுப்பெடுத்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்: பின்னால் நின்று கூப்பிடுங்கம்மா, முன்னால் நின்றால் நீங்கள் பார்ப்பது கண்ணை, காதை அல்ல. சாரதாமணி அதை நோட்டில் எழுதி அடிக்கோடுகூடப் போட்டாள். அந்த நோட்டு எங்கே? அன்றைக்குக் கொடுத்த வெங்காய பஜ்ஜி இன்னும் நாக்கில் இருக்கிறது, அதற்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த சட்னியில் உப்பு இல்லை என்பதுகூட இருக்கிறது, அடிக்கோடு போட்ட வரி மட்டும் எங்கேயோ போய்விட்டது. ஒன்றரை வயதில் இன்னொரு டிக்: சொன்னதைப் புரிந்துகொண்டு செய்கிறதா. மேனகா குழந்தையிடம், செருப்பை எடுத்துட்டு வா சாமி என்றாள். சொல்லும்போதே கை செருப்பைக் காட்டியது. இந்த ஊரில் யாருக்குத்தான் வாய் மட்டும் பேசுகிறது? பட்டறையில் நின்று பட்டறையில் நின்று, சாப்பிட்டாயா என்பதற்கும் ஒரு கை, முதலாளி வருகிறான் என்பதற்கும் ஒரு கை. பின்னாலிருந்து யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டுப் பிரயோசனமில்லை, போய்த் தோளைத் தொடுவார்கள். குழந்தை செருப்பை எடுத்து வந்தது, இரண்டு காலுக்கும் சரியான செருப்பாக. கெட்டிக்காரி. டிக்.

கெட்டிக்காரிதான், அதில் பொய்யில்லை. கழுத்து நிற்பதில் முந்தினாள், உட்காருவதில் முந்தினாள், பதினோராம் மாதமே நடந்தாள். இந்த அங்கன்வாடியில் நிறம் பிரிக்கத் தெரிந்த இரண்டு வயதுக் குழந்தை அவள் ஒருத்திதான். யாராவது அழுதால் போய் முகத்தைக் குனிந்து பார்ப்பாள், தன் முட்டையில் பாதியைப் பிய்த்து நீட்டுவாள். கைக்குழந்தையாக இருந்தபோது தறிக்குப் பக்கத்தில் தூளி கட்டிப் போட்டால் நாள் பூராவும் தூங்கும். பட்டறையில் எல்லோரும் மேனகாவிடம், கொடுத்து வெச்சவடி நீ, தறிச் சத்தத்துல இப்படித் தூங்குற புள்ள யாருக்கு அமையும் என்பார்கள். சாரதாமணியே சொல்லியிருக்கிறாள். சௌமியா அப்படித் தூங்கியதில்லை. சௌமியா முதலில் பேசின வார்த்தை டக்கு. அம்மா அல்ல, அப்பா அல்ல, தறியைக் காட்டி டக்கு என்றது, சாரதாமணிக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது, பத்து மாசம் சுமந்தவள் நான், உனக்குத் தறி பெரிசாப் போச்சா என்று. அந்த டக்குக்காக எத்தனை சிரித்திருக்கிறார்கள் வீட்டில். ஆறாம் மாதத்தில் பூமிகாவும் பப்ப பப்ப என்றாளே, அந்தச் சத்தம் இருந்ததே, அவள் காது குளிரக் கேட்டிருக்கிறாளே. அது எப்போது நின்றது? எந்த மாதம், எந்தக் கிழமை? ஒரு குழந்தை சிறுகச் சிறுகச் சத்தத்தைக் கைவிட்டிருக்கிறது, தன் குரலே தனக்கு வந்து சேராததால் போதும் என்று விட்டிருக்கிறது, நின்றுபோனது ஒருவர் காதிலும் படவில்லை. இரண்டு வயது முடிந்தபோது மேனகா வந்து நின்றாள். “டீச்சரக்கா, இவ வயசுப் புள்ளைகெல்லாம் பேசுதுங்க, இவ இன்னும் வாயத் தொறக்க மாட்டீங்கறாளே” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போது ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அட்டையை எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் சாரதாமணி ஆறுதல் சொல்வதில் பேர்போனவள் ஆயிற்றே. “உங்கூட்டுக்காரன் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசறான்? அப்பனாட்டம் புள்ள. போய் வேலையப் பாரு, பேச ஆரம்பிச்சா நீயே வாயப் பொத்துவே” என்றாள். மேனகா சிரித்துக்கொண்டு போனாள். டீச்சரக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போனாள். அழுதுகொண்டு வந்தவளைச் சிரிக்கவைத்து அனுப்பின பெருமையில் அன்றைக்குச் சாரதாமணி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

“எதுக்கு டீச்சர் அந்த அட்டையவே பாத்துட்டு இருக்கறீங்க?” பாப்பாத்தி பாத்திரம் கழுவின கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அங்கன்வாடிச் சமையலும் பெருக்குவதும் அவள்தான். ஐம்பத்தைந்து வயது, எதற்கும் அசைய மாட்டாள். சாரதாமணி சொன்னாள். சொல்லும்போது தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் அவளுக்கே புதிதாக இருந்தன: பூமிகாவுக்குக் காது கேக்கல பாப்பாத்தி. பாப்பாத்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள். “நம்மூர்ல யாருக்குத்தான் காது ஒழுங்காக் கேக்குது? எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு காதும் போயி பத்து வருசமாச்சு, சோத்துக்கு மட்டும் கூப்புட்டா வந்துருவாரு” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எழுதுனது நீங்க. இப்ப வாயத் தொறந்தீங்கன்னா நாளைக்கு மேலருந்து வந்து உங்களத்தான் கேப்பாங்க. அடுத்த வருசம் பள்ளிக்கூடம் போகும், அங்க கண்டுபுடிச்சுச் சொல்லட்டும். வம்ப எதுக்கு வெலைக்கு வாங்கறீங்க?” என்றாள். கெட்டவள் இல்லை பாப்பாத்தி. இந்தக் குழந்தைகளுக்குச் சாதத்தைப் பிசைந்து பிசைந்து அவள் விரல் தேய்ந்திருக்கிறது. அவள் சொன்னதில் நடக்க முடியாதது ஒன்றும் இல்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்துவிடும். தறி ஓட ஆரம்பித்துவிடும். ஊர் மறுபடி ஒரே செவிடாகிவிடும், அதற்குள் இந்தப் பிள்ளை ஒளிந்துகொள்ளும், கூடவே அவளும் ஒளிந்துகொள்ளலாம். அல்லது அந்த டிக்குக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடலாம், அதே நீலப் பேனா. ஒன்பதாம் மாதமே சந்தேகம் இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், தாய் போகவில்லை என்று ஒரு வரி எழுதலாம். பேனாவை எடுத்தேவிட்டாள். அதன் மூடியைக் கழற்றினாள். தாய் போகவில்லை. மேனகாவா போகாதவள்? தடுப்பூசிக்கு ஒரு நாள் பிந்தியதில்லை, சத்துமாவு உருண்டையை எப்படிக் கொடுப்பது என்று மூன்று தடவை கேட்டுவிட்டுப் போகிறவள். சீ, என்றாள் சாரதாமணி வாய்விட்டு. பாப்பாத்தி தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டே கால். கடிகாரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, நிறுத்தினால் தேவலை. பிள்ளைகள் மறுபடி தூங்கிப் போயின. பன்னிரண்டு பேர் மூச்சும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி அமைதி. பூமிகாவும் இப்போது கட்டைகளுக்கு நடுவிலேயே சுருண்டு படுத்துவிட்டாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது, முழுக்குழந்தை. உன் உள்ளே எப்படி இருக்கும் சாமி? மழை வந்தால் உனக்கு வெறும் ஈரம்தானா? டாக்டரம்மா சொன்னது இப்போது வருகிறது, வேண்டாத நேரத்தில் வரி வரியாக வருகிறது: காதுக்குப் போவதுதான் நாக்குக்கு வரும், சின்னதிலேயே கண்டுபிடித்தால் வழி இருக்கிறது, ஒவ்வொரு மாசமும் கணக்கு. ஒன்பதாம் மாதத்திலிருந்து இன்றைக்கு இருபது மாசம். இருபது மாசத்தை அவள் ஒரு கோடு இழுத்துத் தின்றுவிட்டாள். இல்லை, ஒருவேளை ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு ஏதாவது காய்ச்சலில் போயிருக்குமோ, அப்படியானால் தப்புக் கொஞ்சம் குறையுமோ. குறையாது. குறைந்தால்தான் என்ன, பிள்ளைக்குக் கேட்டுவிடுமா. எப்படிச் சொல்வது? உட்காரு மேனகா என்று ஆரம்பிக்கலாம். உட்காரச் சொன்னாலே பயந்துவிடுவாள். சந்தேகமா இருக்குது, எதுக்கும் ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டு என்று பட்டும் படாமலும் சொல்லலாம். அதில் பொய் இல்லை, அதில் தன் பேர் மட்டும் வராது. அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது. ஆறுதல் மாதிரியே வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடலாம், அது தலைவிதி. தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. டீச்சரக்கா என்று மேனகா இனிமேல் எந்த வாயால் கூப்பிடுவாள்? இருபத்து மூன்று அட்டையும் பீரோவில் இருக்கிறது, அத்தனை பேரையும் இனிப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்த கரண்ட் நிறுத்தம் வரை காத்திருக்க முடியாது, வாய்க்கால் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அங்கே தறிச் சத்தம் வராது. அப்படியொரு வேலை முன்னால் நிற்பது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. அந்தத் தெம்பும் வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு மேனகா வந்தாள். இடுப்பில் பிழிந்த துணி நிரம்பின அன்னக்கூடை, முழங்கால் வரை ஈரம், முகம் தண்ணீரில் ஊறி வெளுத்து, பார்க்கச் சின்னப் பெண் மாதிரி இருந்தாள். இருபத்து மூன்று வயது, சின்னப் பெண்தான். “தூங்கறாளா? எழுப்பாதீங்க டீச்சரக்கா, நான் தூக்கிக்கறேன். இன்னைக்கு வாய்க்கால்ல என்னா தண்ணி!” என்றாள். சாரதாமணி உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை. “மேனகா, பூமிக்குக் காது கேக்கல. நான் இன்னைக்குப் பின்னால நின்னு கூப்புட்டுப் பாத்தேன். ஒம்பதாம் மாசமே அப்படிப் பாத்திருக்கோணும். நான் பாக்கல. முன்னால நின்னு கிலுகிலுப்பைய ஆட்டிட்டு, நல்லாருக்குதுன்னு எழுதிட்டேன். நீ வந்து கேட்டப்பவும் பாக்கல. தப்பு என்னுது.” மேனகா கூடையை இறக்கினாள். சண்டைக்கு வருகிறவள் போல நிமிர்ந்து, நேராகக் குழந்தையிடம் போனாள். குழந்தை அதற்குள் கண்ணைத் திறந்து புரண்டு கட்டையை எடுத்திருந்தது, அம்மா வந்ததைப் பார்க்கவில்லை. மேனகா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பூமி, என்றாள். பூமீ. பூமிகா! மூன்றாவது கூப்பாட்டில் தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார், பாயில் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தன. குழந்தை பச்சைக் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

மேனகா திரும்பினாள். “எங்கூட்டுல இருக்கற அட்டையிலயும் நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க. எங்க அத்தை, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம், எனக்கென்னமோ சந்தேகமா இருக்குதுன்னாங்க. அந்த அட்டையக் காட்டித்தானுங்க அவங்க வாயை அடைச்சேன். டீச்சரக்காவுக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டேன். மூணு மாசம் அத்தைகூடப் பேசலைங்க நான்.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சாரதாமணிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். “நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நானும் வர்றேன். டாக்டர்கிட்ட நானே சொல்றேன், நான் பாக்காம எழுதுனதுன்னு. அத்தைகிட்டயும் வந்து சொல்றேன்” என்றாள் சாரதாமணி. மேனகா அதைக் காதில் வாங்கினாளோ இல்லையோ, குழந்தையின் பிடரி முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று சாரதாமணி காத்திருந்தாள். அதற்கான பதில்கள் இருந்தன, பன்னிரண்டே முக்காலுக்கு மூடி விழுந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்தாள். மேனகா கேட்டது அவற்றில் ஒன்றோடும் சேரவில்லை. “அப்ப, இவளுக்கு இவ பேரே தெரியாதுங்களாக்கா?”

பேர் தேட எத்தனை நாள் அலைந்தாள் இந்தப் பெண். அங்கன்வாடிக்கு வந்து பழைய பதிவேட்டையெல்லாம் புரட்டிப் பார்த்து, இந்தத் தெருவில் இதுவரை யாருக்கும் இல்லாத பேராக வைத்தாள். ஆமாம், என்று சாரதாமணி தலையை அசைத்தாள். அழுகை வந்தது, அதை அவள் மறைக்கவில்லை. மேனகா அழவில்லை. குழந்தையின் தோளைத் தொட்டாள். பூமிகா திரும்பி, அம்மாவைக் கண்டு, முகமெல்லாம் மலர்ந்து, பச்சைக் கட்டையை நீட்டினாள். மேனகா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, குழந்தையைத் தன் மடிக்கு நேராகத் திருப்பி உட்காரவைத்து, முகத்துக்கு முன்னால் முகத்தைக் கொண்டுவந்து மெல்லச் சொன்னாள். “பூமிகா.” அம்மா ஏதோ புது விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்த குழந்தை சிரித்துக்கொண்டே கையை நீட்டி அவள் வாயைப் பொத்தியது. மேனகா கையை விலக்கவில்லை. அந்தக் கைக்குள்ளேயே இன்னொரு தடவை சொன்னாள்.